ஸ்டாரில் தொடங்கி ஹாஷில் முடியும் எண்: இணையம் இல்லாத போனில் வங்கி நடப்பது எப்படி?

ரீசார்ஜ் பேலன்ஸ் பார்க்க *123# என்றோ *121# என்றோ அடித்த பழக்கம் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். அடித்துப் பச்சை பட்டனை அமுக்கினால் மணி அடிக்காது, மறுமுனையில் யாரும் எடுத்துப் பேசமாட்டார்கள், இரண்டு மூன்று நொடியில் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து மீதி இவ்வளவு, இந்தத் தேதி வரை செல்லும் என்று காட்டும். டேட்டா தீர்ந்திருந்தாலும் வரும். பட்டன் போனிலும் வரும். இதற்குப் பெயர்தான் யூஎஸ்எஸ்டி.

நமக்கு அது பேலன்ஸ் பார்க்கிற வழி, அவ்வளவுதான். ஆனால் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கோடிக்கணக்கானவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புவதும், கரண்ட் பில் கட்டுவதும், கடன் வாங்குவதும் இந்தப் பெட்டி வழியாகத்தான். எல்லோருக்குமான தொழில்நுட்பம் என்று பேச ஆரம்பித்தாலே ஸ்மார்ட்போன், ஆப், 5ஜி என்று பேச்சு போய்விடுகிறது. மக்கள் கையில் இன்றைக்கு என்ன போன் இருக்கிறதோ அதை வைத்தே வேலையைத் தொடங்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு யூஎஸ்எஸ்டியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் இது எப்படி வேலை செய்கிறது, எங்கே ஜெயித்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். போனுக்கும் டவருக்கும் இடையே நம் பேச்சு மட்டும் போவதில்லை. "நான் இங்கே இருக்கிறேன்", "எனக்கு ஒரு கால் வருகிறதா", "இந்த எண்ணுக்கு இணைப்புக் கொடு" என்று போனும் வலைப்பின்னலும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளத் தனியாக ஒரு தடம் இருக்கிறது. 2ஜி காலத்து ஜிஎஸ்எம் போனிலேயே இது உண்டு. எஸ்எம்எஸ் போவதும் இந்தத் தடத்தில்தான், யூஎஸ்எஸ்டி போவதும் இதே தடத்தில்தான். இரண்டுக்கும் இணையம் தேவையில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எஸ்எம்எஸ் தபால் மாதிரி, யூஎஸ்எஸ்டி கவுன்டரில் நேரில் நின்று பேசுவது மாதிரி. எஸ்எம்எஸ் அனுப்பினால் அது நிறுவனத்தின் ஒரு சர்வரில் போய்த் தங்கும், எதிராளியின் போன் அணைந்திருந்தால் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். யூஎஸ்எஸ்டியில் தங்கல் கிடையாது. நீங்கள் எண்ணை அடித்ததும் ஒரு நேரடி இணைப்பு திறக்கிறது, நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள், அது ஒரு பட்டியல் காட்டுகிறது, நீங்கள் 1 அல்லது 2 என்று பதில் தருகிறீர்கள், அது அடுத்த பட்டியலைக் காட்டுகிறது. முடிந்ததும் இணைப்பு மூடிக்கொள்ளும், போனில் எதுவும் மிஞ்சாது. இடையில் சிக்னல் போனாலோ, பதில் தரத் தாமதமானாலோ எல்லாம் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டாரில் தொடங்கி ஹாஷில் முடியும் எண்ணைப் பார்த்ததுமே போனுக்குப் புரிந்துவிடும், இது யாரையும் அழைக்கும் எண் இல்லை, வலைப்பின்னலிடம் கொடுக்க வேண்டிய உத்தரவு என்று. அதை அப்படியே டவருக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து அது தொலைபேசி நிறுவனத்தின் நுழைவாயில் சர்வருக்குப் போகும், அது எண்ணைப் பார்த்து வங்கிக்கோ, அரசுத் துறைக்கோ, யாருடைய சேவையோ அவர்களுடைய கம்ப்யூட்டருக்கோ அனுப்பும், பதிலும் அதே வழியில் திரும்பி வரும். (*#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், மட்டும் வேறு கதை. அது போனுக்குள்ளேயே முடிந்துவிடும் உத்தரவு, சிம் இல்லாமலும் வரும்.)

இந்தப் பெட்டியில் எவ்வளவு எழுதலாம்? ரோமன் எழுத்தில் எழுதினால் 182 குறிகள். அவ்வளவுதான் மொத்த இடமே. தமிழிலோ இந்தியிலோ எழுதினால் வழக்கமான முறையில் 80 தான், ஏனென்றால் நம் எழுத்துகளின் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் தேவைப்படுகிறது. அதிலும் தமிழுக்கு இன்னொரு இழப்பு இருக்கிறது. "வணக்கம்" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் ஏழு, இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால். "1. பணம் அனுப்ப" என்ற ஒரே வரி 14 குறிகளைத் தின்றுவிடும். அப்படி ஐந்து வரி போட்டால் பெட்டி நிரம்பிவிடும். அதே பட்டியலை ஆங்கிலத்தில் போட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வரி கூட அடங்கும். கென்யாவிலும் தான்சானியாவிலும் பேசும் ஸ்வாஹிலி இன்று ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது, அதனால் அவர்கள் தாய்மொழிப் பட்டியலுக்காக எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. தாய்மொழியில் சேவை தருகிறோம் என்று அறிவிக்கிறவர்கள் யாரும் இந்த 182-80 கணக்கைச் சொல்வதில்லை. ஆனால் கிராமத்து அம்மா ஒருவர் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்வாரா மாட்டாரா என்பதைப் பல சமயம் முடிவு செய்வது இதுதான்.

சரி, கென்யாவுக்குப் போவோம்.

2000களின் தொடக்கத்தில் நைரோபியில் காவலாளியாக வேலை பார்க்கும் ஒரு மகன், கிசுமு பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் அவருக்கு என்ன வழி இருந்தது? ஊருக்குப் போகிறவர் கையில் கொடுக்கலாம், பஸ் டிரைவரிடம் உறையில் போட்டுக் கொடுக்கலாம், தபால் ஆபீஸ் போகலாம், இல்லை தானே எடுத்துப் போகலாம். வங்கிக் கிளை நகரத்தில் இருந்தது, கிராமத்தில் இல்லை. ஆனால் செல்போன் பரவிக்கொண்டிருந்தது, பேசுவதற்கான ரீசார்ஜ் விற்கும் சின்னக் கடைகள் மூலை முடுக்கெல்லாம் வந்துவிட்டன. அந்தக் கடைகள்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

2005ல் வோடஃபோன், கென்யாவின் சஃபாரிகாம், ஃபாவ்லு என்ற நுண்கடன் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நைரோபிக்குப் பக்கத்தில் திகா என்ற ஊரில் ஒரு சோதனை நடத்தின. பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவி நிதியும் அதில் இருந்தது. நோக்கம் பணம் அனுப்புவதே அல்ல, நுண்கடன் வாங்கியவர்கள் தவணையைப் போன் வழியாகக் கட்டுவது. கொடுத்துப் பார்த்தால் மக்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பினார்கள், கடைக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், ராத்திரி கையில் காசோடு வீட்டுக்கு நடக்கப் பயந்தவர்கள் போனில் போட்டு வைத்தார்கள். நடத்தியவர்கள் அதைக் கவனித்து, கடன் தவணையை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற ஒரே செய்தியோடு 2007 மார்ச்சில் எம்-பெசாவைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பத்து லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு பரிமாற்றம் எப்படி நடக்கும் என்று பார்த்தால் விஷயம் புரியும். மகன் தெருமுனைக் கடைக்குப் போய் 1,000 ஷில்லிங் நோட்டாகக் கொடுக்கிறார். கடைக்காரரும் ஏற்கெனவே தன் கணக்கில் பணம் போட்டு வைத்திருக்கிறார், அதிலிருந்து 1,000 ஷில்லிங்கை மகனின் எண்ணுக்கு மாற்றுகிறார். மகனின் அடையாள அட்டை எண்ணையும் தொகையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். இருவர் போனுக்கும் எஸ்எம்எஸ் வருகிறது. பிறகு மகன் தன் போனில் பட்டியலைத் திறந்து, பணம் அனுப்பு என்பதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் எண், தொகை, ரகசிய எண் மூன்றையும் அடிக்கிறார். அம்மாவுக்கு எஸ்எம்எஸ் போகிறது. அவர் தன் ஊர்க் கடைக்குப் போய் போனையும் அடையாள அட்டையையும் காட்டி நோட்டாக வாங்கிக்கொள்கிறார். போட கட்டணம் இல்லை, அனுப்பவும் எடுக்கவும் கட்டணம், கடைக்காரருக்குக் கமிஷன். போனில் இருக்கும் மொத்தத் தொகைக்கும் ஈடான உண்மைப் பணம் வங்கியில் ஒரு அறக்கட்டளைக் கணக்கில் தனியாக இருக்கும், சஃபாரிகாம் அதைத் தொட முடியாது. இந்த ஏற்பாட்டைத் தொடங்க விட்டுவிட்டு, பிறகு விதிகளை எழுதிய கென்ய மத்திய வங்கிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம். எம்-பெசா கென்யாவில் தொடங்கியது சரியான அர்த்தத்தில் யூஎஸ்எஸ்டியில் இல்லை. பட்டியலையே சிம் கார்டுக்குள் எழுதி வைத்து, தகவலைப் பூட்டிய எஸ்எம்எஸ் ஆக அனுப்பும் முறை அது. அதனால் சேருகிறவர்கள் எம்-பெசா மெனு உள்ள சிம் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு அதில் அதிகம், ஏனென்றால் பூட்டும் சாவி சிம்மிலேயே இருக்கிறது. பின்னால்தான் *334# என்ற யூஎஸ்எஸ்டி எண்ணும் வந்தது. போன் வழியாகப் பணம் அனுப்பும் பழக்கம் கானா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று பிற நாடுகளுக்குப் பரவியபோது யூஎஸ்எஸ்டிதான் பிரதான வழியானது, சிம் எதுவானாலும் போன் எதுவானாலும் வேலை செய்யும் என்பதால். எத்தியோப்பியாவில் 2021ல் வந்த டெலிபிர் சேவைக்கு *127#, நைஜீரியாவில் ஒரு பெரிய வங்கியின் *737# என்று, அங்கே வங்கிகளை மக்கள் நினைவில் வைத்துக்கொள்வதே ஸ்டார் எண்ணால்தான்.

இதனால் ஏழைகளுக்கு உண்மையிலேயே நன்மை வந்ததா? தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், எம்-பெசா சுமார் 1,94,000 குடும்பங்களைக் கடும் வறுமையிலிருந்து வெளியே கொண்டுவந்தது என்று மதிப்பிட்டார்கள். அது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம். பெண்கள் தலைமையில் இருந்த குடும்பங்களில் பலன் அதிகம், 1,85,000 பெண்கள் விவசாயத்தையே நம்பியிருந்த நிலையிலிருந்து சிறுதொழில், வியாபாரத்துக்கு மாறினார்கள் என்பது அவர்கள் கணக்கு. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ மழை பொய்த்தாலோ, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் அன்றைக்கே கொஞ்சம் பணம் அனுப்பிவிட முடிகிறது. ஆட்டை விற்க வேண்டியதில்லை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை.

பணத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். இந்தப் பெட்டி ஒரு ஊடகமும் கூட.

தென்னாப்பிரிக்காவில் 2001லேயே "என்னைக் கூப்பிடு" என்ற இலவசச் செய்திச் சேவை வந்தது. நாம் மிஸ்டு கால் கொடுக்கிற அதே காரணம்தான், பேலன்ஸ் இல்லாதவர் ஒரு ஸ்டார் எண்ணோடு நண்பரின் எண்ணைச் சேர்த்து அடித்தால், நண்பருக்கு "தயவுசெய்து அழைக்கவும்" என்று ஒரு எஸ்எம்எஸ் போகும். அந்த எஸ்எம்எஸ்ஸில் மீதி இடம் சும்மா கிடந்தது, நிறுவனங்கள் அதில் விளம்பரம் போட்டன. 2008ல் மாசிலுலேகே என்ற திட்டம் அந்த மீதி இடத்தை எச்ஐவி விழிப்புணர்வுக்குக் கேட்டு வாங்கியது. உள்ளூர் மொழிகளில், வீட்டில் பேசுகிற மாதிரியான ஒரு வரி, கீழே தேசிய எய்ட்ஸ் உதவி எண். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் செய்திகள் போயின, ஜோஹன்னஸ்பர்க் உதவி மையத்துக்கு வரும் அழைப்புகள் மூன்று மடங்காயின. எச்ஐவி பற்றி வெளியே வாய்திறக்கத் தயங்கிய ஒரு சமூகத்தில், யாரும் எட்டிப் பார்க்காமல், நண்பர் அனுப்பிய செய்தியின் அடியில், தனியாகப் படிக்கக் கிடைத்த தகவல் அது. செய்தித்தாளும் டிவியும் அந்த நெருக்கத்தைக் கொடுத்திருக்க முடியாது.

அதே நாட்டில் 2014ல் சுகாதாரத் துறை மாம்கனெக்ட் என்ற சேவையைத் தொடங்கியது. கர்ப்பிணி கிளினிக்குக்குப் போகும்போதே *134*550# அடித்துப் பதிவு செய்துவிடுவார்கள். அதன் பிறகு எத்தனையாவது வாரமோ அதற்கேற்ற அறிவுரை எஸ்எம்எஸ்ஸாக வரும், தென்னாப்பிரிக்காவின் அன்றைய 11 ஆட்சி மொழிகளில் அவர் தேர்ந்தெடுத்த மொழியில், காசில்லாமல். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பேச்சு ஒருவழியாக நிற்கவில்லை என்பது. கிளினிக்கில் சரியாகப் பார்க்கவில்லை, மருந்து இல்லை என்று அந்தப் பெண் திருப்பி எழுதலாம், அது துறைக்குப் போகும். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு, தன் பேரில், தன் போனிலிருந்து புகார் சொல்ல ஒரு வழி.

இவ்வளவும் சொன்ன பிறகு குறைகளையும் சொல்ல வேண்டும், சின்னக் குறைகள் இல்லை.

முதலாவது, கதவுச் சாவி தொலைபேசி நிறுவனத்தின் கையில். இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு தளம் தொடங்கலாம், ஸ்டார் எண் வேண்டுமென்றால் நிறுவனம் கொடுக்க வேண்டும், அதற்கு அது கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டும். நைஜீரியாவில் இந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் வருடக்கணக்கில் சண்டை. 2021ல் ஒவ்வொரு முறைக்கும் 6.98 நைரா என்று அரசு தலையிட்டு நிர்ணயித்த பிறகும் பாக்கித் தகராறு ஓயவில்லை. கடைசியில் அந்தக் காசு ஏழை வாடிக்கையாளர் தலையில்தான் விழும். அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை, உகாண்டா 2018ல் மொபைல் பணத்துக்கு 1 சதவீத வரி போட்டு எதிர்ப்பு வந்ததும் பாதியாகக் குறைத்தது. கானா 2022ல் போட்ட வரியை 2025ல் எடுத்தேவிட்டது. நூறு ரூபாய் அனுப்புகிறவருக்கு ஒரு ரூபாய் என்பது கோட்டு போட்டவர்கள் கணக்கில் ஒன்றுமில்லை, அனுப்புகிறவர் கணக்கில் அப்படி இல்லை.

இரண்டாவது, படிக்கத் தெரிய வேண்டும். பட்டியலைப் படிக்க முடியாதவர் கடைக்காரரிடமோ பேரனிடமோ போனைக் கொடுப்பார், கூடவே ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவார். பார்வை இல்லாதவருக்குப் பட்டன் போனின் பெட்டி பேசாது. வாசித்துக் காட்டும் வசதி உள்ள போனில்கூட, கேட்டு முடித்து எண்ணைத் தேடி அடிப்பதற்குள் நேரம் முடிந்து இணைப்பு கலையலாம். விரல் நடுங்குகிற வயதானவர்களுக்கும் இதே கஷ்டம்தான். எல்லோருக்குமானது என்று நாம் கொண்டாடுகிற இந்தத் தொழில்நுட்பம் இவர்களை வெளியே நிறுத்தித்தான் வைத்திருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். இங்கேயும் *99# இருக்கிறது, 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டத்தோடு நாடு முழுவதற்குமாக வந்தது. எந்த வங்கியானாலும் ஒரே எண், தமிழ் உள்பட பல மொழிகள், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை. ஆனாலும் கென்யாவில் நடந்தது இங்கே நடக்கவில்லை. தொடக்கத்தில் ஒருமுறை பயன்படுத்த 1.50 ரூபாய் வரை வாங்கலாம் என்று இருந்தது, 2016 நவம்பரில் 50 பைசாவானது, 2022ல்தான் இலவசமானது. ஐந்து படிக்கு மேல் பட்டியல் போகக் கூடாது என்ற வரம்பு வேறு, அதுவும் 2016ல்தான் எட்டாக உயர்ந்தது. அதற்குள் மலிவான டேட்டாவும் யுபிஐ ஆப்களும் வந்துவிட்டன. வோடஃபோன் இங்கே கொண்டுவந்த எம்-பெசாவும் 2013ல் தொடங்கி 2019ல் மூடிக்கொண்டது.

நான் நினைக்கிற முக்கியக் காரணம் வேறு. கென்யாவில் ஸ்டார் எண்ணுக்குப் பின்னால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மனிதர் இருந்தார். நோட்டை வாங்கிக்கொள்வார், நோட்டைத் திருப்பிக் கொடுப்பார், தப்பாக அனுப்பிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்வார். இங்கே *99# மட்டும் வந்தது, மனிதர் வரவில்லை. பணம் பாதியில் நின்றால் போய்க் கேட்க இடமில்லாத ஒன்றை, நூறு ரூபாயை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர் எப்படி நம்புவார்?

அதற்கப்புறம் 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே என்பதை அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு வழி, ஒரு எண்ணுக்கு அழைத்தால் குரல் வழிகாட்டும், சொல்வதைக் கேட்டு எண்களை அமுக்கிப் பணம் அனுப்பலாம். படிக்கத் தெரியாதவருக்கும் பார்வையற்றவருக்கும் இது உண்மையிலேயே ஒரு படி முன்னே. இன்னொரு தேவையும் இதற்கு இருந்தது. யூஎஸ்எஸ்டி அடிப்படையில் 2ஜி, 3ஜியோடு வந்த வசதி, 4ஜியில் மட்டுமே ஓடுகிற வலைப்பின்னலில் அது தானாக வராது, தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய வலைப்பின்னல்களை மூடிவிடலாம் என்று பல நாடுகளில் பேச்சு நடக்கும்போது, அதை நம்பியிருக்கும் பட்டன் போன்காரர்களுக்கு மாற்று என்ன என்ற கேள்வியையும் அதே மேஜையில் வைத்தாக வேண்டும்.

கடைசியாக, வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வைக்க வேண்டிய ஒரு விஷயம். ஸ்டார் எண் என்பது உத்தரவு என்று மேலே சொன்னேன் அல்லவா, மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும். "கூரியர் வந்திருக்கிறது", "உங்கள் சிம் நின்றுவிடப் போகிறது" என்று பேசி, *401* அல்லது *21* போட்டுப் பிறகு ஒரு பத்து இலக்க எண்ணை அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும், குரலில் வரும் ஓடிபியும் சேர்த்து. இதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் யூஎஸ்எஸ்டி வழியாக அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் அழைப்புகள் எங்காவது திரும்பிப் போகின்றனவா என்று பார்க்க *#21# அடித்துப் பாருங்கள். போகிறது என்று வந்தால் ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். பெட்டி வரவில்லை என்றால் போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் என்ற இடத்தில் போய் ஒவ்வொன்றாக அணைத்துவிடலாம்.